மூக்கில்லாத மண்வாசனை

தமிழில் இலக்கிய விமர்சனத்தின் பெயரால் நடந்ததாகச் சொல்லப்படும் முதல் சண்டை ஒரு வாசனையைப் பற்றியது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்பது வழக்கு. தருமி கொண்டுவந்த செய்யுளில் நக்கீரன் பொருட்குற்றம் கண்டான். இறைவன் நெற்றிக்கண்ணைத் திறந்தான். நக்கீரன் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தான். பரஞ்சோதி முனிவர் புராணமாகப் பாடியதை 1965இல் ஏ.பி. நாகராஜன் சினிமாவாக எடுத்து, தானே நக்கீரனாக வேஷம் கட்டி, கடைக்கோடித் தமிழனுக்கும் இந்த வழக்கைக் கொண்டு சேர்த்துவிட்டார். விமர்சனம் என்றால் குற்றம் கண்டுபிடிப்பது, குற்றம் கண்டுபிடித்தவன் எரிந்துபோவான் என்ற இரண்டு எண்ணங்களும் அதனால் நம்மிடையே நிலைத்துவிட்டன. அது வேறு விஷயம்.

சண்டைக்குக் காரணமான பாட்டை - குறுந்தொகையில் இரண்டாவது, இறையனார் பெயரில் இருப்பது - எடுத்துப் படித்தால் இயற்கை மணம், செயற்கை மணம் என்ற பேச்சே அதில் கிடையாது. அந்தப் பிரச்னை முழுக்க முழுக்க வாசித்தவர்கள் கிளப்பிய பிரச்னை. பாட்டில் இருப்பது ஒரு விசாரிப்பு. காதலன் தும்பியைக் கூப்பிட்டு, உனக்குத் தெரிந்த பூக்களில் இவள் கூந்தலை மிஞ்சுவது உண்டா என்று கேட்கிறான். முகஸ்துதி வேண்டாம், நடந்ததைச் சொல் என்று எச்சரிக்கையும் செய்கிறான். மணத்தைப் பற்றிய சாட்சியத்தைக் கேட்கும்போதும் அவன் வாயில் வரும் வினை பார்வைக்குரியதாக இருக்கிறது என்பது கவனிக்கத் தக்கது. நக்கீரனும் சரி, சிவனும் சரி, மணம் என்பதைக் கூந்தலின் குணமாக, நீளம் கருமை போல அளந்து தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். பாட்டோ மணத்தை மோப்பவனுக்கும் மோக்கப்படுபவளுக்கும் இடையில் வைக்கிறது. இடையில் இருப்பதற்குச் சாட்சி வேண்டியிருக்கிறது. சாட்சியாக வண்டு. வாசனை தனியாக ஒருவரிடம் இருப்பதில்லை என்பதை அந்தக் கவிஞன் அறிந்திருந்தான். பிறகு வந்த விமர்சகர்கள் அறியவில்லை. இரண்டாயிரம் வருஷ வாக்கில் ஆகியும் நிலைமை அவ்வளவாக மாறியதாகத் தெரியவில்லை.

இதற்கு அத்தாட்சி, நம் விமர்சனத்தில் வழங்கும் 'மண்வாசனை' என்ற சொல். ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) பற்றி எழுதினால் கொங்கு மண்வாசனை. கி. ராஜநாராயணனைப் பற்றி எழுதினால் கரிசல் மண்வாசனை. நெல்லை, தஞ்சை, நாஞ்சில் என்று ஜில்லாவுக்கு ஒரு மண்வாசனை, ரப்பர் ஸ்டாம்பு மாதிரி தயாராக இருக்கிறது. ஸ்டாம்பை அடித்தவர்களில் எத்தனை பேர் அந்த நாவல்களில் உண்மையில் என்ன வாசனை வருகிறது என்று பார்த்திருப்பார்கள்? பேச்சுவழக்கு இருக்கிறது, பயிர்ப் பெயர்கள் இருக்கின்றன, சாதி சனம் இருக்கிறது. இவற்றைத் தொகுத்து வாசனை என்று சொல்லிவிடுகிறோம். காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும் மூக்கின் கணக்கில் பற்று வைக்கிறோம்.

உண்மையான மண்வாசனையைப் பற்றி விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருப்பது இந்தச் சொல்லாட்சியை இன்னும் வேடிக்கையாக்குகிறது. 1964இல் ஆஸ்திரேலியாவில் இஸபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இருவர் காய்ந்த நிலத்தில் மழை விழும்போது எழும் மணத்துக்கு 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டு, 'நேச்சர்' இதழில் கட்டுரை எழுதினார்கள். உத்தரப் பிரதேசத்தில் இந்த மணத்தை அத்தராக வடித்தெடுக்கும் வழக்கம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கன்னோஜில் சுட்ட மண்ணைத் தண்ணீரோடு காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி இன்றும் விற்கிறார்கள். மணத்தின் பெரும் பங்கு ஜியோஸ்மின் என்ற ஒரு பொருளால் வருகிறது. அதைத் தயாரிப்பது மண் அல்ல, மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைஸீஸ் போன்ற நுண்ணுயிர்கள். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். இதில் நமக்கு முக்கியமானது ஒன்று: அந்தப் பொருள் ஆஸ்திரேலியாவிலும் கோவில்பட்டியிலும் ஒன்றேதான். பிரதேசத் தனித்தன்மையைக் குறிக்க நாம் தேர்ந்தெடுத்த வாசனை, உலகத்திலேயே பிரதேச பேதம் மிகக் குறைந்த வாசனைகளில் ஒன்று. ஓர் ஊரை ஓர் ஊராக்கும் வாசனைகள் வேறு. அங்கே என்ன சமைக்கிறார்கள், என்ன எரிக்கிறார்கள், எதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுகிறார்கள் என்பதில் இருப்பவை அவை. அவற்றைப் பற்றி மண்வாசனை விமர்சகர்கள் மூச்சுவிட மாட்டார்கள்.

இனி நினைவு. வாசனையையும் நினைவையும் சேர்த்துப் பேசினால் உடனே ஒருவர் ப்ரூஸ்ட் என்பார். 1913இல் வெளிவந்த அந்த முதல் பாகத்தில், தேநீரில் நனைந்த மாதலேன் கேக் துண்டு வாயில் பட்டதும் காம்ப்ரே என்கிற ஊர் முழுவதும் எழுந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். படிக்காதவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் ப்ரூஸ்ட் அந்த இடத்தில் படாத பாடு பட்டுச் சொல்லும் இரண்டு விஷயங்களை நாம் விட்டுவிட்டோம். ஒன்று, கேக்கைக் கண்ணால் பார்த்தபோது ஒன்றும் நிகழவில்லை. இரண்டு, அது வேண்டுமென்று கூப்பிட்டு வந்த நினைவு அல்ல. மறுபடி மறுபடி குடித்துப் பார்க்கிறபோது சக்தி குறைந்துகொண்டே போகிறது. கூப்பிடாமல் வந்ததுதான் அந்த அனுபவத்தின் உயிர்.

நம் கவிதைகளில் என்ன நடக்கிறது? கவிஞன் உட்கார்ந்து வாசனையைக் கூப்பிடுகிறான். அம்மாவின் முந்தானை வாசனை, புதுப் புத்தக வாசனை, பழைய புத்தக வாசனை, தாத்தாவின் மூக்குப்பொடி வாசனை, பாட்டியின் விபூதி வாசனை, கடைசியில் மழை. வாரப் பத்திரிகைகள் இதைச் செய்தால் அவர்கள் பிழைப்பு என்று விட்டுவிடலாம். சிறு பத்திரிகைக் கவிதைகளிலும் இந்தப் பட்டியல் அப்படியே இருக்கிறது. வரியை ஒடித்துப் போட்டிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். இவை நினைவுகள் ஆகா. நினைவு இருப்பதாகக் காட்டும் டோக்கன்கள். டோக்கனைப் பார்த்ததும் வாசகன் தன் சொந்தப் பாட்டியை வரவழைத்துக்கொண்டு, கவிதை தன்னை நெகிழ்த்திவிட்டதாக நம்புகிறான். வேலை முழுவதையும் செய்தவன் வாசகன், கூலி கவிஞனுக்கு.

வாசனை நினைவைத் தொடும் விதம் ஏன் வேறாக இருக்கிறது என்பதற்கு உடற்கூறு விளக்கம் உண்டு. மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் என்ற இடைநிலையத்துக்குப் போய்ப் பதிவாகிப் பிறகுதான் மூளையின் மேல்தளங்களுக்குப் போகும். மூக்கின் செய்தி அங்கே நிற்பதில்லை. உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேராகப் போய்விடுகிறது. மானேஜர் அறையைத் தாண்டாமல் லாக்கருக்குப் போகிற ஆள் மாதிரி. மனித மூக்கில் ஏறக்குறைய நானூறு வகை ஏற்பிகள் வேலை செய்கின்றன. அவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. இதைவிட நம் காரியத்துக்கு உதவுவது மனோதத்துவக்காரர்கள் சோதித்துக் கண்ட ஒரு விஷயம். வயதானவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து நினைவு கேட்டால் பெரும்பாலும் வாலிபப் பருவம் வருகிறது. ஒரு வாசனையைக் கொடுத்துக் கேட்டால் பத்து வயதுக்கு முந்திய காலம் வருகிறது. அதாவது, சொல்லிக் கதையாக்கிக்கொள்ளத் தெரியாத வயதில் பதிந்தது. அதற்குச் சொல் கிடையாது என்பது தற்செயல் இல்லை. எழுத்தாளனுக்குச் சவால் இங்கேதான். வாசனையின் பெயரை எழுதினால் ஒன்றும் வராது. அது வந்தபோது ஆள் என்ன ஆனான், பேசிக்கொண்டிருந்தவன் எங்கே நிறுத்தினான், யார்மீது காரணமில்லாமல் எரிந்து விழுந்தான் என்று எழுதவேண்டும்.

சொல் இல்லை என்று சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். இங்கிலீஷ் மூக்குக்குத்தான் பஞ்சம். எந்த வாசனையையும் 'இன்னதைப் போல' என்று பொருளின் பெயரைச் சொல்லித்தான் அவர்கள் சமாளிக்கிறார்கள். மலேயத் தீபகற்பத்தின் காடுகளில் வாழும் ஜஹாய் என்ற மக்களுக்கு நிறத்துக்கு இருப்பதுபோலவே வாசனைக்கும் பொதுச் சொற்கள் இருப்பதாக 2014இல் ஒரு ஆராய்ச்சி வந்தபோது அங்கே பெரிய ஆச்சரியமாகப் பேசிக்கொண்டார்கள். தமிழனுக்கு ஆச்சரியப்பட அதிகம் இல்லை. நெடி என்றால் மிளகாயும் புகையிலையும் அமோனியாவும் ஒரே வகையில் அடங்கிவிடும். கவிச்சி, வீச்சம், முடை, கமறல், காறல், மக்கல், ஊசல், சிக்கு, பால்வாடை - ஒவ்வொன்றும் தனி எல்லை உள்ளது. மசாலா வதக்கும்போது 'பச்சை வாசனை போகவேண்டும்' என்று எந்த வீட்டிலும் சொல்கிறார்கள். இல்லாமல் போவதை வைத்துக் காலத்தை அளக்கும் இந்தச் சொற்றொடருக்கு ஈடான துல்லியத்தை நம் நாவல்களில் நான் அதிகம் பார்த்ததில்லை. சமையலறையில் இருக்கும் பாஷை எழுதும் மேஜைக்கு வந்து சேரவில்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் சமையலறைக்குப் போகாதவர்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சொற்களின் சரித்திரத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள். நாற்றம் என்பது ஒரு காலத்தில் நறுமணம். குறளில் மொட்டுக்குள் அடங்கியிருக்கும் மணத்துக்கு அந்தச் சொல்தான் வருகிறது. பிறகு அது விழுந்தது. விழுந்த சொல்லின் இடத்தில் வந்து உட்கார்ந்தது வாசனை. இந்தச் சொல்லை நாம் யோசிக்காமல் புழங்குகிறோம். வடமொழித் தத்துவத்தில் வாசனை என்பது நடந்து முடிந்த அனுபவம் சித்தத்தில் விட்டுப்போகும் பதிவு. எள்ளோடு பூவை இட்டு வைத்தால் பூ வாடிப்போன பின்னும் எண்ணெயில் மணம் தங்குவதை யோகாசார பௌத்தர்கள் இதற்கு உவமை காட்டினார்கள். பூர்வஜன்ம வாசனை என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள்; 'எழுத்து வாசனையே இல்லாதவன்' என்று திட்டுகிறார்கள். ஆக, வாசனை என்ற ஒரே சொல்லில் மூக்குக்கு வருவதும் மனத்தில் எஞ்சுவதும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. ப்ரூஸ்ட் ஆயிரக்கணக்கான பக்கங்களில் நிறுவவேண்டி இருந்ததை நம் பாஷை ஒரு சொல்லில் வைத்துக்கொண்டிருக்கிறது; வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்பது கேள்வி. மௌனியின் 'அழியாச் சுடர்' இந்த இரண்டாவது அர்த்தத்தில் முழுக்க முழுக்க வாசனைக் கதை. ஆனால் அதில் கண்ணுக்கும் காதுக்கும் இருக்கும் இடம் மூக்குக்கு இல்லை. நம் நவீனத்துவம் பொதுவாகவே கண்ணையும் காதையும் நம்பிப் பிறந்தது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை வரிசைப்படுத்துகிறபோது மூக்கு மூன்றாம் படி. கறையானும் எறும்பும் இருக்கிற படி. நம்மவர்கள் ஆறாவது படியை விட்டு இறங்க மனமில்லாதவர்கள்.

யாருடைய மூக்கு என்பது நான் இதுவரை தள்ளிப்போட்டுவந்த கேள்வி. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) நாவலைப் பேசுகிறவர்கள் மரத்தைப் பற்றியும், மரம் வீழ்ந்த அரசியலைப் பற்றியும் பேசுவார்கள். தாமோதர ஆசான் சொல்லும் புளிக்குளத்தின் கதையை ஒரு சுவாரஸ்யமான முன்கதையாகக் கடந்துவிடுவார்கள். எனக்கு நாவலின் ஆணிவேரே அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. மரத்தைச் சுற்றிக் குளம், குளம் நாறிக்கொண்டிருந்தது, ஊரும் அதன் பக்கத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது. மகாராஜா அந்தப் பக்கம் வந்தபோது நாற்றம் அவர் மூக்குக்கு எட்டியது. குளம் தூர்ந்தது. ஊரின் பூகோளத்தை மாற்றியது ஒரு மூக்கு. அதுவரை அங்கே இருந்த மூக்குகள் கணக்கில் இல்லை. நாற்றம் என்பது யாருக்கோ நாறும்போதுதான் சம்பவமாகிறது என்ற இந்த ஞானம் அந்த நாவலின் நகைச்சுவைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் வசிக்கும் பருத்திப்பட்டில் - பட்டு என்பது தொண்டை மண்டலத்து ஊர்ப்பெயர் விகுதி, நெசவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை - ஓர் ஏரி இருக்கிறது. சாக்கடை சேர்ந்து, ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. 2019இல் சீராக்கிக் கரையில் பூங்காவும் நடைபாதையும் போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் காற்று திரும்புகிற நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு முறையிடுகிறவர்கள் நடக்க வந்தவர்கள். கரையை ஒட்டி முன்பே வீடு வைத்திருந்தவர்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. சகித்துக்கொண்டார்கள் என்று சொல்வது பாதி உண்மை. மூக்கு ஒரே வாசனையைச் சில நிமிஷங்களுக்கு மேல் அறிவிப்பதில்லை என்பது மீதி உண்மை. உள்ளே இருப்பவனுக்கு வாசனை இல்லை. தன் வீட்டின் வாசனை தனக்குத் தெரியாது. நாலு மாசம் வெளியூர் போய்விட்டு வந்து கதவைத் திறக்கும்போது ஒரு நொடி தெரியும், பிறகு போய்விடும்.

இதிலிருந்து விமர்சனத்துக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. சேரியைப் பற்றியும் மீன்பிடி கிராமத்தைப் பற்றியும் நம்மிடம் வந்துள்ள கதைகளில் பெருவாரியானவை முதல் பக்கத்திலேயே நாற ஆரம்பிக்கின்றன. அனுதாபத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த முதல் பக்கத்து நாற்றம் எழுதியவன் இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறான் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் விகன் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், தன் வகுப்புக் குழந்தைகளுக்கு ஏழைகள் நாறுவார்கள் என்று கற்பிக்கப்பட்டதையும், எந்தக் கொள்கையாலும் கழுவ முடியாத பேதம் அதுதான் என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். அந்த நேர்மை அனுதாபத்தைவிட உயர்ந்தது. தகழியின் 'தோட்டியின் மகன்' (மலையாளத்தில் 1947, தமிழாக்கம் சுந்தர ராமசாமி) வெளியிலிருந்து எழுதப்பட்டதுதான், இருந்தும் அதில் மலத்தின் நாற்றம் அலங்காரமாக இல்லை. சுடலைமுத்து தன் மகனுக்கு மோகன் என்று பெயர் வைத்து அவனை வேறு ஆளாக்கப் பார்க்கிறபோது, எதிலிருந்து அவனைப் பிரிக்க நினைக்கிறான் என்று வாசகனுக்கு மூக்கில் ஏறிவிடுகிறது. மலர்வதியின் 'தூப்புக்காரி' உள்ளேயிருந்து வந்தது. அங்கே நாற்றம் துடைப்பம், வாளி மாதிரி வேலையின் ஒரு சாமான். 2012இல் யுவ புரஸ்கார் கிடைத்தபோது அதைப் பாராட்டியவர்களும் மண்வாசனை ஸ்டாம்பைத் தேடினார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மணத்துக்கும் இதே சட்டம்தான். எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கும் பூவிருந்தவல்லியின் பெயரிலேயே பூ இருக்கிறது. செங்கழுநீர்ப்பட்டு செங்கல்பட்டு ஆனதுபோல இது இப்போது பூந்தமல்லி. பதினோராம் நூற்றாண்டில் அந்த ஊரில் பிறந்த திருக்கச்சி நம்பி தன் நந்தவனத்துப் பூவைத் தொடுத்துக் காஞ்சி வரதனுக்குக் கொண்டுபோனார், ஆலவட்டம் வீசினார், வரதன் அவரோடு பேசினான். அவர் உண்ட மிச்சத்தை உண்ண ஆசைப்பட்டு ராமானுஜர் அவரைச் சாப்பிட அழைத்தார் என்றும், ராமானுஜரின் மனைவியோ அவர் சாப்பிட்ட இலையை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, குளித்துவிட்டு வந்து மறுபடி சமைத்தாள் என்றும் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அவர் கை தொட்ட பூ சந்நிதிக்குள் போகிறது. அவர் கை தொட்ட இலை கொல்லைக்குப் போகிறது. பூவின் மணத்தைப் பாடிய நம் ஆயிரம் கவிஞர்களில் அந்த இலையைப் பாடியவர்கள் யார்?

வங்கியில் காஷ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இந்தப் பேதங்கள் விரல் நுனிக்கே வந்துவிடும். பூக்காரியின் நோட்டு ஈரமாக, வாழைநாரும் மல்லியும் கலந்து வரும். மீன்காரியின் நோட்டைத் தனியாக வைக்கச் சொல்கிற சகாக்கள் உண்டு. அதே சகாக்கள் டிபார்ட்மெண்ட் ஸ்டோர் நோட்டை மோந்து பார்ப்பதில்லை. 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றான பிறகு வந்த வாரங்களில் நடந்தது முற்றிலும் வேறு. பெண்கள் வந்தார்கள். அவர்கள் நீட்டிய நோட்டுகளில் சீரகமும் கடுகும் மணத்தன. சிலதில் அந்துருண்டை, சிலதில் அரிசித் தவிடு, சிலதில் பட்டுப்புடவை மடிப்பின் பழைய மக்கல். எந்தப் பெட்டியின் எந்த மூலையில், யார் கைக்கு எட்டாத இடத்தில் அந்தப் பணம் இருந்தது என்பதைக் கேட்காமலே சொல்லிவிடலாம். கணவனோடு வந்த ஒரு பெண் நோட்டை என்னிடம் தருமுன் முந்தானையால் துடைத்தாள். அழுக்கு ஒன்றும் அதில் இல்லை. கட்டுக் கட்டி ராப்பர் சுற்றியதும் எல்லாம் ஒரே நோட்டு வாசனையாகிவிட்டது. அந்தச் சில வாரங்களில் இந்தத் தேசத்துப் பெண்களின் ரகசிய சேமிப்பு முழுவதும் மோப்பத்துக்குக் கிடைத்தது. அந்த நாட்களைப் பற்றித் தமிழில் நான் படித்த கதைகள் வரிசையைப் பற்றி எழுதின, மயங்கி விழுந்தவர்களைப் பற்றி எழுதின, கண்ணுக்குத் தெரிந்ததை எழுதின.

ஏக்கம் நிறைந்த வாசனைக் கவிதைகள் யாருடையவை என்பது இப்போது கொஞ்சம் தெளிவாகும். விபூதியும் முந்தானையும் புத்தகமும் மணக்கும் பால்யம் எல்லோருக்கும் வாய்த்தது இல்லை. தோல் பதனிடும் ஷெட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அந்த நெடி வந்ததும் அம்மா நினைவு வரும். அவன் அம்மா அங்கே வேலை செய்தவள். அவன் அதை எழுதினால் நாம் அதை எதிர்ப்பு இலக்கியம் என்போம். நினைவு என்று சொல்ல நமக்கு வாய் வராது. நாற்றமும் ஒருவனுக்கு அன்பின் வாசனையாக இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ளாதவரை நம் ரசனை ஊதுவத்திக் கடை ரசனைதான். 2020இல் தொற்றுநோய் வந்து மூக்கு அடைபட்டவர்களில் சிலர், சாக்கடையைக் கடந்தபோது மறுபடி நாறியதும் சந்தோஷப்பட்டதாகச் சொன்னார்கள். ஒரு கவிதையிலும் இதை நான் பார்க்கவில்லை.

ஆண்டாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாச்சியார் திருமொழியின் ஏழாம் பதிகத்தில் அவள் சங்கைப் பார்த்து, கண்ணனின் வாய் என்ன மணம் மணக்கும், என்ன சுவை சுவைக்கும் என்று விசாரிக்கிறாள். பச்சைக் கற்பூரமா, தாமரைப் பூவா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. ஏக்கக் கவிதைகளின் ஏற்பாடு இங்கே தலைகீழாகிறது. அவள் மோந்ததில்லை, நினைத்துக்கொள்ள அவளிடம் ஒன்றும் இல்லை. மோந்த ஒன்றிடம் போய்க் கேட்கிறாள். குறுந்தொகைக் காதலன் வண்டிடம் கேட்டதுபோல. அவன் தெரிந்துவைத்துக்கொண்டு கேட்டான். இவள் தெரியாமல் கேட்கிறாள், கேட்கும்போதே அந்தச் சங்கின்மீது அவளுக்குப் பொறாமை பொங்குகிறது. பொறாமை அந்தப் பதிகம் நெடுக ஏறிக்கொண்டே போகிறது. அனுபவிக்காத வாசனைக்கும் மனத்தில் பதிவு உண்டு என்று காட்டிய இந்தக் கவிதையை நாம் பக்தி என்ற அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். தமிழில் மூக்கால் எழுதப்பட்ட கவிதை என்று ஒன்றைத்தான் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

உரைநடையில் எனக்குத் தோன்றுவது சா. கந்தசாமியின் 'சாயாவனம்'. வெளிநாடு போய்த் திரும்பிய சிதம்பரம் ஒரு வனத்தையே வாங்கி, வெட்டி, எரித்து, கரும்பாலை வைக்கிறான். கந்தசாமி இதற்குக் கண்ணீர் விடுவதில்லை, உபதேசமும் செய்வதில்லை; கொடி அறுவதையும் மரம் சாய்வதையும் நெருப்பு பிடிப்பதையும் வேலையின் கணக்காக எழுதிக்கொண்டே போகிறார். வனம் போனதில் புளியமரங்களும் போயின. வருஷா வருஷம் அங்கிருந்து புளி வாங்கிப் பழகிய ஊருக்கு வேறிடத்துப் புளி வருகிறது. கடைசியில் ஒரு கிழவி அந்தப் புளி வாய்க்கு வழங்கவில்லை என்று குறைசொல்கிறாள். அவ்வளவுதான். நாக்கின் விஷயம் என்று தள்ளிவிட முடியாது. குழம்பு கொதிக்கும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் காட்டுக்காக ஏங்கவில்லை, பழைய நாளைப் புகழவும் இல்லை. அறுபது எழுபது வருஷமாக ஒரே புளியைக் கரைத்த கையும் மூக்கும் இது வேறு என்று சொல்கின்றன. நாவலைப் பற்றி எழுதியவர்கள் காட்டைப் பற்றி எழுதினார்கள், எந்திர நாகரிகத்தைப் பற்றி எழுதினார்கள், மரம் வெட்டும் விவரணையின் நுட்பத்தைப் பாராட்டினார்கள். புளியைப் பற்றி யாரோ ஒருவர் இருவர்தான் எழுதினார்கள்.